விளம்பரமா, தலையங்கமா? இணங்கவைக்கும் எழுத்தை அலசக் கற்பிக்க எதை எடுப்பது

இரண்டுக்கும் பழைய நாளிதழே போதும். செலவில் வித்தியாசம் இல்லை.

நேரம்
விளம்பரம்: 40 நிமிடப் பாடவேளை ஒன்று.
தலையங்கம்: இரண்டாவது வேண்டும், முதல் வேளை அருஞ்சொற்களிலேயே போய்விடும்.

கிடைக்கும் உத்திகள்
விளம்பரம்: பிரபலத்தின் முகம், அச்சம், ‘இன்றே கடைசி’ என்ற அவசரம்.
தலையங்கம்: கூற்று, சான்று, எதிர்வாதத்துக்கு மறுப்பு, விடையை உள்ளே வைத்த கேள்வி.

எங்கே சறுக்கும்
விளம்பரம்: உத்தியின் பெயரைச் சொன்னதோடு மாணவர்கள் நின்றுவிடுவார்கள். “இது அச்சமூட்டல்” என்பது பெயர்ப்பட்டியல்தான், ஆய்வு அல்ல. சொல், உத்தி, யாரிடம் என்ன விளைவு என்று மூன்று கட்டம் போடச் சொல்லுங்கள். மூன்றாவது காலியாக இருந்தால் மதிப்பெண் தராதீர்கள்.
தலையங்கம்: கருத்து பிடித்துவிட்டால் வாதமும் வலுவானது என்றே எழுதுவார்கள். கூற்றுக்கு நீலம், சான்றுக்குச் சிவப்பு என அடிக்கோடு இடச் செய்யுங்கள். சிவப்பே இல்லாத பத்தி தானாகக் கண்ணில் படும்.

எட்டு, ஒன்பதாம் வகுப்புக்கு விளம்பரம். கட்டுரை எழுதப் பழகும் பதினொன்றாம் வகுப்புக்குத் தலையங்கம். அது கனத்தால், இடையில் சிலப்பதிகாரத்தின் வழக்குரை காதையை வையுங்கள்: மாணிக்கப் பரல் என்கிறாள் கண்ணகி, முத்து என்கிறான் பாண்டியன், சிலம்பு உடைந்ததும் மாணிக்கம் தெறிக்கிறது. கூற்றும் சான்றும் தனித்தனியே தெரிய இதைவிடத் தெளிவான இடம் கிடைப்பது அரிது.