காரைக்குடியில் அம்மாவின் வலியை அளந்தவர்

சிங்கப்பூரிலிருந்து இந்த முறை காரைக்குடி போனபோது அம்மாவை இரண்டு இடங்களில் காட்டினேன். வீட்டில் யாருக்காவது அம்மாவைப் போல ஃபைப்ரோமையால்ஜியா (உடம்பெங்கும் நாள்பட்ட வலியும் சோர்வும் தரும் நோய்) இருந்தால் இது உதவும்.

முதலில் போன ஆஸ்பத்திரியில் இ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி. என்ற, உடம்பில் அழற்சி இருக்கிறதா என்று காட்டும் ரத்தப் பரிசோதனைகளை எடுத்துப் பார்த்து, "எல்லாம் நார்மல், நல்லாத்தான் இருக்கீங்க" என்று அனுப்பிவிட்டார்கள். இந்த நோயில் அவை பெரும்பாலும் நார்மலாகத்தான் இருக்கும். வேறு நோய் இருக்கிறதா என்று பார்க்க உதவுமே தவிர, சிகிச்சை பலன் தருகிறதா என்று சொல்லாது. உடம்பெல்லாம் அடித்துப் போட்டதுபோல் கிடக்கிறவரிடம் இப்படிச் சொன்னால் எப்படி? எனக்கு மனசே ஆறவில்லை.

அப்புறம் ஒரு பிசியோதெரபி நிலையம். அங்கிருந்த பெண் எஃப்.ஐ.க்யூ.ஆர். என்ற, இந்த நோயின் பாதிப்பை அளக்கும் கேள்வித்தாளை எடுத்தார். 1991-ல் வந்ததை 2009-ல் திருத்தியது. கடந்த 7 நாட்களைப் பற்றி 21 கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 10 வரை. மொத்தம் 100-க்குக் கணக்கிடுகிறார்கள். எண் ஏறினால் பாதிப்பு அதிகம். தலை வாருவது, மாடி ஏறுவது, 20 நிமிடம் விடாமல் நடப்பது, தூக்கம், மறதி எல்லாம் அதில் உண்டு. தாள் ஆங்கிலத்தில்தான் இருந்தது. அவர் பொறுமையாகத் தமிழில் கேட்டார்.

"வீடு பெருக்குறதுக்கு எத்தனை போடலாம் ஆச்சி?"

"எதுவரைக்கும் கேக்குற ஆத்தா? என் அறை மட்டும்னா மூணு. முகப்புலேருந்து மூணாங்கட்டு வரைக்கும்னா பத்து."

அவர் யோசித்து, 'வளவு மட்டும்' (வீட்டின் நடு முற்றப் பகுதி) என்று ஓரத்தில் குறித்துக்கொண்டு எண்ணைக் கேட்டார். அடுத்த தடவையும் அதையே கேட்டால்தானே ஒப்பிட முடியும்! அந்தக் கவனம் எனக்கு ரொம்பப் பிடித்தது.

மெதுவான நடை, லேசான பயிற்சிகள் என்று தொடங்கினார்கள். நான் கிளம்பும் முன் மறுபடி கேட்டபோது முதலில் 64 ஆக இருந்த மொத்தம் 53 ஆகியிருந்தது. ஏறத்தாழ 14 சதவீதம் குறைந்தாலே நோயாளி உணரும் முன்னேற்றம் என்பது பழைய கேள்வித்தாளை வைத்து ஆய்வாளர்கள் போட்ட கணக்கு. அம்மாவுக்கு அதைவிடக் கொஞ்சம் கூடவே. இத்தனைக்கும் வலிக்கான எண் 7-லிருந்து 6-க்குத்தான் வந்திருந்தது. இறங்கியதெல்லாம் தூக்கத்திலும் வீட்டு வேலையிலும். "வலி எப்படி இருக்கு?" என்று மட்டும் கேட்டிருந்தால் "அப்படியேதான் இருக்கு" என்றுதான் அம்மா சொல்லியிருப்பார், சிகிச்சையையும் பாதியில் விட்டிருப்பார்.

உங்கள் வீட்டு நோயாளியைக் காட்டும் இடத்தில் இந்தத் தாளைக் கேளுங்கள். ஓரக் குறிப்போடு ஒரு நகலும் வாங்கி வையுங்கள். டாக்டர் மாறினாலும் கணக்கு விட்டுப்போகாது.