மோட்டாருக்கு ஒன்பது, போர்டுக்கு ஐந்து: 28 வாட் ஃபேன் ஒரு மதிப்பீடு

சேலம் கடைகளில் மூவாயிரம் ரூபாயை ஒட்டி விற்கும் 1200 மில்லிமீட்டர், 28 வாட், ரிமோட் வைத்த பிஎல்டிசி (பிரஷ் இல்லாத டிசி மோட்டார்) ஃபேன்கள் பலவற்றிலும் மோட்டார் அமைப்பு ஏறக்குறைய ஒன்றுதான். ஸ்டிக்கர் மாறும், இறக்கை வளைவு மாறும். பெரிய வித்தியாசம் இருப்பது மோட்டாரை இயக்கும் எலக்ட்ரானிக் போர்டில். அதனால் இது ஒரு கம்பெனிக்கான மதிப்பீடு இல்லை, மொத்த ரகத்துக்கும் சேர்த்துத்தான். மோட்டாருக்குப் பத்துக்கு ஒன்பது கொடுக்கலாம். போர்டுக்கு ஐந்துக்கு மேல் கொடுக்க மனம் வரவில்லை.

முதலில் மோட்டார். பழைய 75 வாட் ஃபேனில் இருப்பது இண்டக்‌ஷன் மோட்டார். 14 துருவம் என்றால் 50 ஹெர்ட்ஸில் காந்தப்புலம் நிமிடத்துக்கு 428 சுற்று சுற்றும். இறக்கையோ 370ஐ ஒட்டித்தான் ஓடும். இந்தப் பின்தங்கல் மட்டுமே ரோட்டாருக்குப் போகும் சக்தியில் ஏழில் ஒரு பங்கைச் சூடாக்கி வீணடிக்கிறது. பிஎல்டிசியில் அந்தச் செலவு இல்லை. காந்தம் ரோட்டாரிலேயே ஒட்டியிருக்கிறது, காயில் நடுவில் அசையாமல் நிற்கிறது, வெளிக்கூடு சுற்றுகிறது. ஒட்டியிருப்பது பெரும்பாலும் ஃபெரைட். நியோடிமியத்தோடு ஒப்பிட்டால் காந்த பலம் மூன்றில் ஒரு பங்குதான், ஆனால் விலை மலிவு. அந்தக் குறையை ஈடுகட்டத்தான் காந்த வளையத்தை அகலமாகவும், காற்று இடைவெளியை அரை மில்லிமீட்டர் அளவுக்குக் குறுகலாகவும் வைக்கிறார்கள். சேலத்து ஏப்ரல் வெயிலில் தார்சுக்குக் கீழே கொதிக்கும் அறைக்கும் ஃபெரைட் அஞ்சாது. சூட்டில் காந்தம் சற்று மங்கினாலும் ஆறியதும் திரும்பி வந்துவிடும்.

காயில் சுற்றியிருக்கும் இரும்புப் பற்களின் எண்ணிக்கையைக் கவனியுங்கள். 12 பல்லுக்கு 14 துருவம் இருந்தால் நல்ல டிசைன். கையால் மெதுவாகச் சுற்றினால் தடக் தடக் என்று பிடிக்காமல் வழுக்கிக்கொண்டு போகும். 12 பல்லுக்கு 8 துருவம் போட்டால் அந்தப் பிடிப்பு அதிகம்; இராத்திரி ஒன்றாம் நம்பரில் மெல்லிய உறுமலாகக் காதில் விழும். அந்தப் பற்களை வெட்டியெடுக்கும் தகடு (ஸ்டாம்பிங்) சிலிக்கான் எஃகு. (நம்மூர் உருக்காலைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, அங்கே தயாராவது துருப்பிடிக்காத எஃகு.)

2023 ஜனவரியில் கட்டாயமான ஸ்டார் லேபிள் கணக்குப்படி, இந்த அளவு ஃபேனுக்கு 5 ஸ்டார் வேண்டுமானால் ஒரு வாட்டுக்கு நிமிடத்துக்கு 6 கன மீட்டர் காற்று வர வேண்டும். 28 வாட்டில் 210 கன மீட்டர் தந்தால் 7.5. ஆகவே அட்டையில் வாட்டை மட்டும் பார்க்காமல் காற்றளவையும் பாருங்கள். வேகத்தைக் குறைத்தே வாட்டைக் குறைத்துக் காட்டும் ஃபேனும் சந்தையில் உண்டு. இந்த விஷயத்தில் கோயம்புத்தூருக்கு ஒரு சபாஷ் சொல்ல வேண்டும்: 2012இலேயே வெர்சா டிரைவ்ஸ் 35 வாட் சூப்பர்ஃபேனைக் கொண்டுவந்தது.

மிச்சம் எவ்வளவு? 75க்கும் 28க்கும் வித்தியாசம் 47 வாட், தினம் 12 மணி நேரம் ஓடினால் இரண்டு மாத பில்லுக்கு சுமார் 34 யூனிட். இலவச 100 யூனிட்டுக்குள்ளேயே இருக்கும் வீட்டுக்கு இதனால் பைசா லாபமில்லை. 500 யூனிட் எல்லையில் தத்தளிக்கிற வீட்டுக்கு நல்ல லாபம். ஆனால் உண்மையான சுகம் கரண்ட் போகும்போதுதான் தெரியும். 150 ஆம்பியர் மணி பேட்டரி இன்வெர்ட்டரில் 1200 வாட் மணி கிடைக்கிறது என்று வைத்துக்கொண்டால், மூன்று பழைய ஃபேன் 5 மணி நேரம் ஓடும்; மூன்று பிஎல்டிசி 14 மணி நேரம் ஓடும்.

இனி போர்டு. 230 வோல்ட்டை டிசியாக்கி, ஆறு மாஸ்ஃபெட் (நொடிக்குள் பலமுறை திறந்து மூடும் எலக்ட்ரானிக் சுவிட்ச்) வழியாக மூன்று ஃபேஸாகக் காயிலுக்கு அனுப்புகிறது. விசைத்தறி நிறைந்த அம்மாப்பேட்டை, கொண்டலாம்பட்டித் தெருக்களில் வோல்ட்டேஜ் இறங்கினாலும் வேகம் குறையாது, இதுவரை பாராட்டு. பிறகு வருகிறது கண்டன்சர். கூட்டுக்குள்ளே சூடு 10 டிகிரி ஏறினால் எலக்ட்ரோலிட்டிக் கண்டன்சரின் ஆயுள் பாதியாகிவிடும். 105 டிகிரி கண்டன்சர் போட்ட போர்டா என்று கேளுங்கள். 85 என்றால் வேண்டாம். ஈரம், பூச்சி, தறிப்பஞ்சு படியாமல் இருக்க போர்டுக்கு மேல் வார்னிஷ் பூசியிருக்க வேண்டும். பவர் ஃபேக்டர் (இழுக்கும் கரண்ட் எவ்வளவு ஒழுங்காக வேலைக்குப் பயன்படுகிறது என்பதன் அளவு) 0.9க்கு மேல் என்று அட்டையில் இருந்தால் கூடுதல் மதிப்பெண்.

பழைய ரெகுலேட்டரை அப்படியே விட்டு மாட்டுவதுதான் பலரும் செய்கிற தப்பு. அது அலையை வெட்டி வெட்டி அனுப்பும். போர்டு துடித்துத் துடித்துச் சீக்கிரம் செத்துவிடும். ரெகுலேட்டரைக் கழற்றி ஒயரை நேராக இணையுங்கள்.

ஃபேன் நின்றுவிட்டால் உடனே மோட்டார் போச்சு என்று தலையில் கை வைக்க வேண்டாம். மெயினை அணைத்து ஐந்து நிமிடம் பொறுங்கள், உள்ளே 325 வோல்ட் வரை தேங்கியிருக்கும். போர்டிலிருந்து மோட்டாருக்குப் போகும் மூன்று ஒயரையும் கழற்றி, இரண்டிரண்டாக மல்டிமீட்டரில் ஓம் அளந்தால் மூன்று அளவும் ஒன்றாக இருக்க வேண்டும். பிறகு மூன்று முனையையும் ஒன்றாக முறுக்கி இறக்கையைத் தள்ளிப் பாருங்கள். பிரேக் பிடித்த மாதிரி இறுகினால் காயிலும் காந்தமும் நலம், போனது போர்டுதான். இறுகாமல் ஓடினால் காயில் அறுந்திருக்கலாம். கர கர என்று உரசினால் காந்தத்தின் பசை விட்டிருக்கலாம், இல்லாவிட்டால் பேரிங். அது பெரும்பாலும் 6202, 6201 ரகம். எந்தக் கடையிலும் கிடைக்கும்.

போர்டு அப்படிக் கிடைக்காது. ஒரு கம்பெனியின் போர்டு இன்னொன்றுக்குச் சேர்வது அரிது. சுற்றுவதற்குப் பதில் துள்ளும். காயில் கட்டும் பட்டறைகள் ஊரெங்கும் உண்டு, இந்த போர்டைத் தொடுபவர்கள் குறைவு. ஆகவே வாங்கும்போதே, வாரண்டி முடிந்த பிறகு போர்டு தனியாக சேலத்திலேயே கிடைக்குமா, என்ன விலை என்று கேட்டு, பில்லில் மாடல் எண்ணை எழுதி வாங்குங்கள். கடைக்காரர் மழுப்பினால் அடுத்த கடை.

ஏற்காட்டில் இந்த ஃபேனுக்கு வேலை கொஞ்சம்தான். காற்று அங்கே பத்து சதவீதம் போல லேசு என்பதால் அதே வேகத்துக்கு வாட் இன்னும் குறையும். ஆனால் இடி மின்னல் காலத்தில் முதலில் வெடிப்பது போர்டு வாசலில் நின்று, திடீரென எகிறும் வோல்ட்டேஜைத் தாங்கும் எம்ஓவி என்ற சின்ன நீல வட்டுதான். மலை வீட்டுக்கு வாங்குவோர் மெயின் போர்டிலேயே சர்ஜ் தடுப்பு ஒன்றைப் போட்டுவிட்டு, இடி இடிக்கும்போது ரிமோட்டை நம்பாமல் சுவர் சுவிட்சையே அணைப்பது நல்லது. ரிமோட்டில் அணைத்தாலும் போர்டு கரண்டிலேயேதான் இருக்கும்.