புளூபெல் ரயில்வே: ஒரு முழு நாளுக்குரிய நீராவிப் பயணம்

இங்கிலாந்தின் சஸெக்ஸ் பகுதியில், ஷெஃபீல்ட் பார்க்கிலிருந்து ஈஸ்ட் கிரின்ஸ்டெட் வரை சுமார் 18 கிலோமீட்டர் நீளும் புளூபெல் ரயில்வே, நீராவி ரயிலின் காலத்தை நினைத்து ஏங்குவோர் அவசியம் பார்க்க வேண்டிய இடம். 1968 ஆகஸ்டில் அரசு நிறுவனமான பிரிட்டிஷ் ரயில்வே தன் முதன்மைத் தடங்களில் நீராவிக்கு விடை கொடுத்த பின் பிறந்தவர்கள்கூட இங்கே கரி அள்ளிப் போடுகிறார்கள், கைகாட்டிகளை இயக்குகிறார்கள், பயணச்சீட்டைச் சரிபார்க்கிறார்கள். அவர்களில் பெரும்பாலோர் ஊதியம் பெறாத தன்னார்வலர்கள். இந்த ரயில்வேயின் உயர்வு எனக்குத் தெரிவது இந்த உழைப்பில்தான்.

1882-இல் திறக்கப்பட்ட இந்தத் தடம் 1955-இல் மூடப்பட்டபோது, மாட்ஜ் பெஸ்ஸமர் என்ற உள்ளூர்ப் பெண்மணி இந்தத் தடத்துக்கான பழைய சட்டத்தைப் புரட்டி, நாள்தோறும் நான்கு ரயில்களாவது ஓட்டியாக வேண்டும் என்ற விதியைக் கண்டெடுத்தார். அதனால் 1956-இல் ரயில் திரும்பியது. விதியை நீக்கிவிட்டு 1958-இல் மீண்டும் மூடினார்கள். ஆர்வலர்கள் விடவில்லை. 1960 ஆகஸ்ட் 7-இல் அதன் ஒரு பகுதியில் மறுபடியும் ரயில் ஓடியது. ஈஸ்ட் கிரின்ஸ்டெட் வரை செல்வதற்கோ, தடத்துக்காக மண்ணை வெட்டி அமைத்து, பின்னர் வீட்டுக் குப்பை கொட்டி நிரப்பப்பட்டிருந்த இம்பர்ஹோர்ன் பள்ளத்தைத் தோண்டிச் சுத்தப்படுத்த வேண்டியிருந்தது. 2013-இல் அந்தப் பாதை திறந்தது. குப்பைமேட்டுக்கு அடியில் கிடந்த ஒரு தடத்தை மீட்கும் அளவுக்கு மனிதர்களை இழுத்த அந்தப் பற்றை நான் மனமாரப் போற்றுகிறேன்.

நிலையங்களை ஒரே காலத்தில் உறையவைக்காமல் வெவ்வேறு காலங்களுக்கு ஒதுக்கியிருப்பது மிகச் சிறந்த முடிவு. ஷெஃபீல்ட் பார்க் விக்டோரியா காலத்து நிலையமாகவும், ஹார்ஸ்டெட் கெய்ன்ஸ் இரண்டு உலகப் போர்களுக்கும் இடைப்பட்ட, சதர்ன் ரயில்வே என்ற அன்றைய ஆங்கிலேய ரயில் நிறுவனத்தின் சந்திப்பாகவும், கிங்ஸ்கோட் 1950களின் பிரிட்டிஷ் ரயில்வே நிலையமாகவும் பேணப்படுகின்றன. மூன்றிலும் ஹார்ஸ்டெட் கெய்ன்ஸே எனக்கு மிகவும் பிடித்தது. அகன்ற நடைமேடைகளும் அடர்ந்த மரங்களும் சூழ்ந்த அந்தச் சந்திப்பில் இறங்கி, ஒரு ரயிலை விட்டுவிட்டு அடுத்ததில் ஏறுவது நல்லது.

ஷெஃபீல்ட் பார்க்கிலிருந்து வடக்கே செல்லும்போது, எஞ்சினை அடுத்த பெட்டியில் அமருங்கள். 75 மீட்டருக்கு 1 மீட்டர் உயரும் ஃப்ரெஷ்ஃபீல்ட் ஏற்றத்தில், புகைபோக்கியிலிருந்து வெளிப்படும் ஒவ்வொரு நீராவி வீச்சும் தனித்தனியாகக் கேட்கும். ஃபயர்மேன் அந்த நேரத்தில் எவ்வளவு கரி போட வேண்டியிருக்கும் என்பதும் புரியும். பிறகு ஷார்ப்தார்ன் சுரங்கப்பாதையில் புகையும் ஈரமும் கலந்த மணம் ஜன்னல் வழியே உள்ளே வருகிறது.

வேகம் மணிக்கு 40 கிலோமீட்டரைத் தாண்டாது. அவசரக்காரர்களுக்கு இது ஏற்றதல்ல. எல்லா நாட்களிலும் ரயில்கள் ஓடுவதில்லை என்பதால் கால அட்டவணையைப் பார்த்தே திட்டமிட வேண்டும். எந்த எஞ்சின், எந்தப் பெட்டிகள் என்பதும் நாளுக்கு நாள் மாறும்.

லண்டனிலிருந்து வருவோருக்கு வழி எளிது: விக்டோரியா நிலையத்தில் ஏறினால் ஈஸ்ட் கிரின்ஸ்டெட்டில் இறங்கி, சில நிமிட நடையில் நீராவி ரயிலை அடையலாம். காலை ரயிலிலேயே தெற்கே சென்று, ஷெஃபீல்ட் பார்க்கின் எஞ்சின் கொட்டகைக்கும் அருங்காட்சியகத்துக்கும் குறைந்தது ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். 1872-இல் கட்டப்பட்ட ஃபென்சர்ச் என்ற சிறிய எஞ்சின் இந்த ரயில்வேக்குச் சொந்தமானது, கொட்டகையில் நின்றால் அதை முதலில் பாருங்கள்.