ஜிஆர்86-ஆ, பிஆர்இசட்டா? சஸ்பென்ஷனை வைத்து ஓர் அலசல்

டொயோட்டா ஜிஆர்86, சுபாரு பிஆர்இசட் என்ற ஸ்போர்ட்ஸ் கார்கள் இரண்டும் சுபாருவின் குன்மா ஆலையில் பிறப்பவை. 2021-இல் வந்த இந்த இரண்டாம் தலைமுறையில் 2.4 லிட்டர் பாக்ஸர் எஞ்சின், கியர்பாக்ஸ், பாடியின் எலும்புக்கூடு எல்லாம் பொது. முன்னால் மெக்ஃபர்சன் ஸ்ட்ரட் (ஸ்பிரிங்கும் டேம்பரும், அதாவது ஷாக் அப்சார்பரும், ஒரே தூணாக இருப்பது), பின்னால் டபுள் விஷ்போன் (மேலும் கீழுமாக இரண்டு இணைப்புக் கைகள் சக்கரத்தைப் பிடிப்பது) என்ற அமைப்பும் ஒன்றுதான். முகப்பு யாருக்கு எது பிடிக்கும் என்பதில் விவாதிக்க ஒன்றுமில்லை. ஓட்டும்போது தெரியும் வித்தியாசம் ஸ்பிரிங், ஸ்டெபிலைசர் பார் (இடவல சக்கரங்களை இணைத்துக் கார் சாய்வதைக் குறைக்கும் கம்பி), முன் நக்கிள் (சக்கரத்தின் ஹப்பைத் தாங்கும் உலோகத் துண்டு), பவர் ஸ்டீயரிங் டியூனிங் ஆகியவற்றிலிருந்து வருகிறது. நான் பிஆர்இசட் பக்கம் போனவன். அந்தச் சாய்வு கீழே வெளிப்படையாகவே தெரியும்.

முதலில் அளவுகள். ஸ்பிரிங் எண் என்பது அதை ஒரு மில்லிமீட்டர் அமுக்கத் தேவைப்படும் விசை. ஜிஆர்86-இன் முன் ஸ்பிரிங் ஒரு மில்லிமீட்டருக்கு 28 நியூட்டன், பின் ஸ்பிரிங் 39. பிஆர்இசட்டில் முன்னால் 30, பின்னால் 35. முன் ஸ்டெபிலைசர் பார் இரண்டிலும் ஏறத்தாழ 18 மி.மீ. தடிமன்தான். ஆனால் ஜிஆர்86-இல் அது முழுக்கம்பி, பிஆர்இசட்டில் உள்ளே கூடான குழாய். முறுக்கத்தைத் தாங்குவது வெளிப்புறத்து உலோகம் என்பதால், குழாய் கொஞ்சம் விறைப்பை விட்டுக்கொடுத்து நிறைய எடையைக் குறைக்கிறது. பின் பார் ஜிஆர்86-இல் 15 மி.மீ., சப்ஃபிரேம் (பாடியின் அடியில் பூட்டப்படும் துணைச்சட்டம்) வழியாகப் பிடிக்கப்பட்டது. பிஆர்இசட்டில் 14 மி.மீ., நேரடியாக பாடியில் பூட்டப்பட்டது. முன் நக்கிள் ஜிஆர்86-இல் வார்ப்பிரும்பு, பிஆர்இசட்டில் அலுமினியம்.

இந்த எண்களைப் படிக்கும்போது பலர் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. பின் ஸ்பிரிங் எண் பெரிதாக இருப்பதால் காரின் பின்பக்கம் முன்பக்கத்தைவிட விறைப்பு என்று முடிவுகட்டக் கூடாது. ஸ்ட்ரட்டில் சக்கரம் மேலேறும் அளவுக்கு ஏறத்தாழ ஸ்பிரிங்கும் அமுங்கும். பின்னால் ஸ்பிரிங் இணைப்புக் கையில் சக்கரத்திலிருந்து உள்ளே தள்ளி அமர்ந்திருப்பதால் குறைவாகவே அமுங்கும். சக்கரத்தில் உணரப்படும் விறைப்பு, ஸ்பிரிங் அமுங்கும் அளவுக்கும் சக்கரம் ஏறும் அளவுக்கும் உள்ள விகிதத்தின் வர்க்கத்தால் குறைகிறது. விகிதம் 0.75 என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொண்டால் 39 என்பது சக்கரத்தில் 22 ஆகவும், 35 என்பது 20-க்குச் சற்றுக் குறைவாகவும் இறங்கிவிடும். ஆகவே முன்னையும் பின்னையும் ஒப்பிடாமல், ஒரு காரின் பின்னை இன்னொரு காரின் பின்னோடு ஒப்பிடுங்கள். ஜிஆர்86-இன் பின் ஸ்பிரிங் பதினோரு சதவீதம் கூடுதல் விறைப்பு, முன் ஸ்பிரிங் ஏழு சதவீதம் குறைவு. பாரின் விறைப்போ விட்டத்தின் நான்காம் அடுக்கில் ஏறுவது. வடிவமும் பாரின் முனைக் கைகளின் நீளமும் ஒன்றாக இருந்தால் 14-இலிருந்து 15-க்குப் போவது முப்பது சதவீதத்துக்கு மேல் கூடுதல். ஒரே ஒரு மில்லிமீட்டர்தானே என்று விட முடியாது.

வளைவில் இது இப்படி வேலை செய்கிறது. கார் சாயும்போது எந்த அச்சு (முன் அல்லது பின் சக்கர ஜோடி) விறைப்பாக இருக்கிறதோ அந்த அச்சில்தான் உள்சக்கரத்திலிருந்து வெளிச்சக்கரத்துக்கு அதிக எடை மாறும். அதிகம் மாறினால் அந்த அச்சின் மொத்தப் பிடிமானம் குறையும். ஜிஆர்86-இல் இந்தச் சுமை பின்னால் போகிறது. ஸ்டீயரிங்கைத் திருப்பியதும் மூக்கு சட்டென்று உள்ளே பாயும். வளைவின் நடுவில் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் வால் நகரத் தொடங்கும். பிஆர்இசட்டில் அதே வேகத்தில் முதலில் வெளி முன்சக்கரம் சுமையை ஏற்று உட்காரும், பிறகுதான் பின்பக்கம் பேசும். வால் வராது என்றில்லை. வருவதற்கு முன்னால் இருக்கைவழியாக எச்சரிக்கை வரும், திருத்துவதற்கான இடைவெளியும் கிடைக்கும். மேடுபள்ளமான வளைவில் இந்த வித்தியாசம் இன்னும் பெரிதாகத் தெரியும். விறைப்பான பின்பக்கம் தாவித் தரையை விடும் இடத்தில் மெத்தென்ற பின்பக்கம் சக்கரத்தை ஒட்டவைத்திருக்கும்.

டெஸ்ட் டிரைவ் எடுப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. இரண்டு காரிலும் 17 அங்குலச் சக்கரத்தில் 215/45 மிஷ்லின் பிரைமசி, 18 அங்குலத்தில் 215/40 பைலட் ஸ்போர்ட் 4 என இரண்டு வகை டயர்கள் வருகின்றன. முதலாவது சாதாரணச் சாலை டயர், இரண்டாவது பிடிமானத்துக்காகவே செய்தது. 17 அங்குல ஜிஆர்86-ஐயும் 18 அங்குல பிஆர்இசட்டையும் அடுத்தடுத்து ஓட்டினால் நீங்கள் ஒப்பிட்டது டயரை, சஸ்பென்ஷனை அல்ல. ஒரே அளவுச் சக்கரமுள்ள இரண்டைக் கேட்டு வாங்குங்கள். காற்றழுத்தத்தையும் குளிர்ந்த நிலையில் கதவுச் சட்டத்து ஸ்டிக்கரில் உள்ள அளவுக்குச் சமமாக்கிவிட்டுக் கிளம்புங்கள்.

இனி முடிவை நிர்ணயித்த விஷயம். ஒரு காரின் குணத்தில் எது ஸ்பேனரால் மாற்றக்கூடியது, எது மாற்ற முடியாதது என்று பிரித்துப் பார்த்தால் விடை தானாக வந்துவிடுகிறது. ஸ்பிரிங் மலிவானது, சந்தையில் கிடைக்கும் செட்கள் பெரும்பாலும் இரண்டு காருக்கும் பொதுவானவை. பிஆர்இசட்டின் பின் ஸ்பிரிங்கை 39 அளவுக்கு ஏற்றினால் ஜிஆர்86-இன் சுறுசுறுப்பில் பெரும்பகுதி வந்துவிடும். ஸ்பிரிங் விறைப்பு கூடும்போது தேவைப்படும் டேம்பிங் (டேம்பர் ஆட்டத்தை அடக்கும் அளவு) அதன் வர்க்கமூலத்தில்தான் ஏறும். 35-க்கும் 39-க்கும் இடையில் அது ஐந்தாறு சதவீதம்தான், ஒரிஜினல் டேம்பரே தாங்கிக்கொள்ளும். மறுதிசையில் போனால் கதை வேறு. ஜிஆர்86-இல் ஸ்பிரிங்கைத் தளர்த்தலாம், ஆனால் இரும்பு நக்கிள் அங்கேயே இருக்கும். அதை மாற்ற ஹப், பிரேக், பால் ஜாயிண்ட், டை ராட் (ஸ்டீயரிங்கை நக்கிளோடு இணைக்கும் கம்பி) என்று முன் மூலை முழுவதையும் கழற்ற வேண்டும். நக்கிள் என்பது ஸ்பிரிங்குக்குக் கீழே தொங்கும் எடை. அது குறைந்தால் சக்கரம் சிறு மேடுகளை வேகமாகப் பின்தொடரும், ஸ்டீயரிங்கில் அதிர்வு குறைந்து சாலையின் தகவல் தெளிவாக வரும். அலுமினியத்தை வாங்கும்போதே வாங்கிவிடுவதுதான் புத்திசாலித்தனம்.

ஸ்டெபிலைசர் பார் வாங்கும்போது மட்டும் காரின் பெயரைச் சொல்லியே வாங்குங்கள். பின் பாரைப் பிடிக்கும் இடமே வேறு என்பதால், ஒன்றுக்கு வாங்கியது மற்றொன்றில் அப்படியே உட்காரும் என்று நம்பி ஆர்டர் போடக் கூடாது.

ஸ்பிரிங் மாற்றும்போது நடக்கும் தவறுகள் இரண்டு காருக்கும் பொது. முன் ஸ்ட்ரட்டைக் கழற்றும் முன் நக்கிளில் அது பூட்டப்பட்ட நிலையைப் பெயின்டால் குறித்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் கேம்பர் (முன்னாலிருந்து பார்க்கும்போது சக்கரம் சாய்ந்திருக்கும் கோணம்) நகர்ந்துவிடும். பிரேக் ஹோஸ் பிராக்கெட், ஏபிஎஸ் ஒயர், ஸ்டெபிலைசர் லிங்க் மூன்றையும் விடுவித்த பிறகே ஸ்ட்ரட்டை இறக்குங்கள். கம்ப்ரஸரால் ஸ்பிரிங்கை அமுக்காமல் ஸ்ட்ரட்டின் நடு நட்டைத் தொடவே கூடாது. பின்பக்க இணைப்புக் கைகளின் ரப்பர் புஷ் (மூட்டில் இருக்கும் ரப்பர் உறை) போல்ட்டுகளை, சக்கரம் தொங்கும் நிலையில் இறுக்குவதுதான் மிகப் பரவலான பிழை. கார் தரையில் நிற்கும்போது புஷ் நிரந்தரமாக முறுக்கிக்கொண்டு கிடக்கும், உயரம் கூடித் தெரியும், சில மாதங்களில் ரப்பர் கிழியும். இணைப்புக் கையை, கார் தரையில் நிற்கும்போது இருக்கும் உயரத்துக்கு ஜாக்கால் ஏற்றிய பிறகே கடைசி இறுக்கம். சக்கர நட்டுகளுக்கு 120 நியூட்டன் மீட்டர்.

உயரத்தைக் குறைக்கும் ஸ்பிரிங் போடுவதாக இருந்தால் இன்னொரு கண்ணி இருக்கிறது. தாழும்போது பின்சக்கரங்கள் வேகமாக நெகட்டிவ் கேம்பருக்குள் (மேல்பகுதி உள்நோக்கிச் சாய்வது) போகும். முன்சக்கரங்கள் அந்த அளவுக்குப் போகாது, அவை தொடக்கத்திலேயே பூஜ்யத்துக்கு அருகில் நிற்பவை. விளைவு, அழகாகத் தாழ்ந்த கார் முன்னைவிட அதிகமாக அண்டர்ஸ்டியர் அடிக்கும் (முன்சக்கரம் வழுக்கி வளைவுக்கு வெளியே போகும்), பின் டயர் உள்விளிம்பில் தேயும். முன்னால் கேம்பர் போல்ட் போட்டு இரண்டு பக்கமும் நெகட்டிவில் ஒன்றரை டிகிரி வரை எடுங்கள். பின்னால் டோ (மேலிருந்து பார்க்கும்போது சக்கரம் உள்ளே அல்லது வெளியே திரும்பியிருக்கும் கோணம்) மட்டுமே கம்பெனி அமைப்பில் திருத்த முடியும், கேம்பரைத் திரும்பக் கொண்டுவர நீளம் மாற்றக்கூடிய கீழ்க் கை வேண்டும். அந்தச் செலவையும் சேர்த்தே கணக்குப் போடுங்கள்.

அலுமினியத்துக்கும் விலை உண்டு. இரும்பு நக்கிளில் டை ராட் முனை சிக்கிக்கொண்டால் பக்கத்தில் சுத்தியலால் இரண்டு தட்டு தட்டி எடுப்பார்கள். அலுமினியத்தில் அது கூடவே கூடாது, புல்லர் வைத்துத்தான் எடுக்க வேண்டும். உப்புத் தூவும் சாலைகளில் எஃகு ஹப்பும் அலுமினியமும் சேரும் இடத்தில் அரிப்பு ஏறி பேரிங் மாற்றுவது போராட்டமாகும். பெரிய பள்ளத்திலோ நடைபாதைக் கல்லிலோ பலமாக அடித்தால் விரிசல் இருக்கிறதா என்று பார்த்து, சந்தேகம் இருந்தால் மாற்றிவிட வேண்டும். நிமிர்த்திப் போடும் பேச்சே இல்லை.

ஜிஆர்86 எங்கே தெளிவாக முந்துகிறது? மூடிய தளத்தில் டிரிஃப்ட் பழகுபவருக்கும், கூம்புகளுக்கு இடையே குறுகிய திருப்பங்களில் ஓட்டுபவருக்கும் அதன் பின்பக்கம் வரம். ஆக்ஸிலரேட்டரின் முதல் மிதியிலேயே அதிகமாகத் திறக்கும் டியூனிங்கும் அந்தக் குணத்துக்கு ஒத்துப்போகிறது. ஈரச் சாலையில் தினமும் ஓட்டுபவருக்கு அதே இரண்டும் சேர்ந்தால் கவனத்தைத் தின்னும்.

அமெரிக்கச் சந்தையில் 2024-இலிருந்து இரண்டுக்கும் மேல்நிலை வகை உண்டு. ஜிஆர்86-இன் பெர்ஃபாமன்ஸ் பேக்கேஜில் சாக்ஸ் டேம்பர், பிஆர்இசட் டிஎஸ்-இல் எஸ்டிஐ (சுபாருவின் பந்தயப் பிரிவு) டியூன் செய்த ஹிட்டாச்சி ஆஸ்டெமோ டேம்பர், பிரெம்போ பிரேக் இரண்டிலும். இந்த டேம்பர்கள் பல ஆண்டுகள் ஓடிய பிறகு எப்படி இருக்கும் என்பதில் என் அனுபவம் மெலிது, ஆயுளைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். ஆனால் இரண்டிலும் டேம்பர் மாறினாலும் பின் பாரின் பிடிப்பும் முன் நக்கிளும் அந்தந்தக் கம்பெனியின் வழியிலேயே இருக்கின்றன. டிராக்கில் பிரேக் சூடாகி மங்குவது உங்கள் பிரச்சினை என்றால் பிரெம்போவுக்காக மேல்நிலை வகையை எடுங்கள். சாலைக்கு மட்டும் என்றால் 18 அங்குல பிஆர்இசட்டை எடுத்து, மிச்சமாகும் பணத்தில் முதல் வேலையாக நான்கு சக்கர அலைன்மென்ட் செய்து அளவுகள் அச்சிட்ட தாளைப் பத்திரப்படுத்துங்கள். பிறகு எந்த ஸ்பிரிங் போட்டாலும் எங்கிருந்து நகர்ந்தோம் என்பது அந்தத் தாளில் இருக்கும்.