பிளகின்கள்: தானாக ஏறட்டுமா, பெயர் சொல்லி ஏற்றலாமா?

மலேசியாவில், பெஸ்தாரி ஜெயா வட்டாரத்தில் (பெரியவர்களுக்கு இன்னும் பத்தாங் பெர்ஜுந்தைதான்) செம்பனைக் குலை வாங்கும் மையங்களுக்கு எடைப்பால (லோரியை அப்படியே ஏற்றி எடை போடும் பாலம்) மென்பொருள் எழுதிப் பராமரிக்கிறேன். பைத்தான் மொழியில், எல்லா மையங்களுக்கும் பொதுவாக ஒரு லைப்ரரி (நிரல் தொகுப்பு). எடை காட்டும் பெட்டி, ரசீது பிரிண்டர், ஆலைக்குப் போகும் அறிக்கை எல்லாம் அதில் தனித்தனியாகச் சொருகும் துணை நிரல்கள், அதாவது பிளகின்கள். இடத்துக்கு இடம் பெட்டி மாறும், பிரிண்டர் மாறும். பிளகின்களை ஏற்ற மூன்று வழிகளை அலசி, கடைசியில், ஏற்ற வேண்டியவற்றின் பெயர்களைச் செட்டிங் கோப்பில் எழுதி வைக்கும் பெயர்ப் பட்டியலுக்குப் போனேன். என் சாய்வு அந்தப் பக்கம்தான் என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன்.

முதல் வழி, ஒரு ஃபோல்டரில் கிடக்கும் கோப்புகளை எல்லாம் ஏற்றுவது. பென்டிரைவில் கொண்டுபோய்ப் போட்டால் வேலை முடிந்தது. ஆனால் யாராவது பழைய கோப்பை 'காப்பி' என்று பெயர் மாற்றி அங்கேயே விட்டு வைப்பார்கள், அதுவும் சேர்ந்து ஏறும். இதற்கு மேல் இதில் பேச ஒன்றுமில்லை.

இரண்டாவது, என்ட்ரி பாயின்ட். பிளகின் தான் எந்தக் குழு என்பதைத் தன் பேக்கேஜ் விவரத்திலேயே எழுதி வைத்திருக்கும். நிறுவியதுமே லைப்ரரிக்குத் தெரிந்துவிடும். பைத்தான் 3.8 முதல் இதைத் தேடித் தரும் வசதி கூடவே வருகிறது. நிரல்களைச் சோதிக்கும் பைடெஸ்ட் கருவி தன் பிளகின்களைக் கண்டுபிடிப்பதும் இப்படித்தான். பிளகின் எழுதுபவருக்கு இதைவிட வசதி கிடையாது.

சிக்கல் களத்தில் வருகிறது. எல்லா மையங்களுக்கும் நான் கொடுப்பது ஒரே நிறுவல் தொகுப்பு, அதில் எல்லாப் பெட்டிகளுக்கும் பிளகின் உண்டு. தானாக ஏற்ற விட்டால் வெவ்வேறு பெட்டிகளுக்கான பிளகின்கள் ஒரே சீரியல் போர்ட்டுக்கு (பெட்டியைக் கணினியோடு இணைக்கும் வாய்) போட்டி போடும். விண்டோஸில் ஒரு போர்ட்டை ஒருவர் திறந்துவிட்டால், மூடும்வரை அடுத்தவருக்கு 'அனுமதி இல்லை'தான். தவறான பிளகின் முந்திக்கொண்டால் சரியான பிளகின் வாசலில் நிற்கும்.

அப்போது மையத்தின் கிராணி (எழுத்தர்) போன் செய்வார்: "தம்பி, பெட்டியில 14,320 காட்டுது, கம்ப்யூட்டர்ல ஒண்ணும் வரல." வெளியே லோரி நிற்கும். பறித்த குலையை 24 மணி நேரத்துக்குள் ஆலையில் சேர்க்கப் பார்ப்பார்கள். தாமதமானால் எண்ணெயில் அமிலம் ஏறும். நான் எங்கோ சாப்பாட்டுக் கடையில் இருப்பேன். தானாக ஏற்றும் முறையில், அந்தக் கணினியில் எவை நிறுவப்பட்டிருக்கின்றன, எவை உண்மையில் ஏறின என்பதை மென்பொருள் எழுதி வைக்கும் லாக்கை (பதிவுக் கோப்பை) தோண்டித்தான் கண்டுபிடிக்க வேண்டும். போன் வழியாக அதைச் செய்யவைப்பது பெரும்பாடு.

மூன்றாவது வழியான பெயர்ப் பட்டியல் இருந்தால் பேச்சு சுருங்கிவிடுகிறது. "அண்ணே, செட்டிங் கோப்பைத் திறந்து, பிளகின் வரிகளை வாசிங்க." மூன்று வரி இருக்கும், அவர் வாசித்து முடிக்கும்போதே எது தப்பு என்று தெரியும். அங்கேயே திருத்தி, மறுபடி திறந்தால் எடை வந்துவிடும். மென்பொருளின் ஆயுளில் எழுதும் காலம் கொஞ்சம், பராமரிக்கும் காலம்தான் அதிகம். அதனால் எனக்கு இந்த ஒரு காரணமே போதும்.

பட்டியலுக்குப் போனதால் என்ட்ரி பாயின்டைத் தூக்கிப் போட வேண்டியதில்லை. அதன் பெயரைப் படிப்பதால் மட்டும் பிளகினின் நிரல் ஓடாது. 'லோட்' அழைத்தால்தான் அது இம்போர்ட் ஆகும், அதாவது நினைவகத்தில் ஏறி ஓடும். ஆகவே இருப்பதைக் காட்ட என்ட்ரி பாயின்ட், ஏற்ற வேண்டியதைச் சொல்லப் பட்டியல் என்று இரண்டையும் சேர்த்து வைத்திருக்கிறேன். ஓப்பன்ஸ்டாக் என்ற திறமூல கிளவுட் மென்பொருள் திட்டத்திலிருந்து வந்த ஸ்டீவ்டோர் லைப்ரரியில், பெயர் சொன்னவற்றை மட்டும், சொன்ன வரிசையிலேயே ஏற்றும் வசதி தயாராகவே இருக்கிறது. பட்டியலில் உள்ள பெயர் கணினியில் இல்லாவிட்டால் ஸ்டீவ்டோர் சும்மா எச்சரிக்கும். நான் மென்பொருளே திறக்காதபடி செய்திருக்கிறேன். காலையில் கடை திறக்கும்போதே தெரிவது, லோரி பாலத்தில் ஏறிய பிறகு தெரிவதைவிட மேல்.

பட்டியலுக்கும் ஒரு செலவு உண்டு. புதுப் பிரிண்டர் வந்தால் நிறுவுவதோடு ஒரு வரியும் சேர்க்க வேண்டும். அதை மறந்துவிட்டுப் "பிரிண்டர் கெட்டுப்போச்சு" என்று போன் வருவது சகஜம். வெளியாட்கள் எழுதிய பிளகின்கள் வந்து குவியும் லைப்ரரியை நான் நடத்தியதில்லை. அங்கே தானியங்கி முறைதான் ஒத்துவரும் போலிருக்கிறது. அப்படியே போனாலும், பைடெஸ்டில் உள்ளதுபோல் ஒரே சூழல் மாறியால் (கணினியில் நிரலுக்கு வெளியே வைக்கும் ஒரு அமைப்பு) தானாக ஏறுவதை நிறுத்தி, வேண்டியதை மட்டும் பெயர் சொல்லி ஏற்றும் வழியைக் கட்டாயம் வைத்திருப்பேன்.