முழுப் பெயரும் இடம்பெற்ற சட்டை

தூத்தூர்க் கடற்கரையில் பந்தாடும் எங்கள் பிள்ளைகளுக்காக, நெதர்லாந்தின் என்ஏசி பிரெடா கால்பந்துக் கழகத்தின் மஞ்சள் கறுப்பு நிறத்தில் சீருடைகளை நாகர்கோவில் கடையொன்றில் தைக்கக் கொடுத்தேன். 1912இல் நோஆட், அட்வெண்டோ என்னும் இரு சங்கங்கள் இணைந்தபோது, முன்னதன் பெயரின் விரிவான ‘ஒருபோதும் கைவிடாதே, எப்போதும் விடாது முயல்’ என்பதும், மற்றதன் ‘பொழுதுபோக்கால் இனிமை, ஓய்வால் பயன்’ என்பதும், ‘கூட்டு’ என்ற சொல்லோடு சேர்ந்து என்ஏசி என்ற மூன்றெழுத்துக்குள் அடங்கின. 1921இல் தேசியப் பட்டம் வென்ற கழகம் அது.

இந்த நீண்ட பெயரைத் தமிழில் முதுகுப்புறம் அச்சிட வேண்டும் என்றபோது கடைக்காரர் சலித்துக்கொள்ளவில்லை. எழுத்தளவை மும்முறை மாற்றிக் காட்டினார். கழுத்துப் பகுதி மட்டும் சற்று இறுக்கம். பலமுறை துவைத்தும் எழுத்து உரியவில்லை. சிறுவர்கள் இப்போது ஒருவர் முதுகை ஒருவர் வாசித்த பிறகே ஆட்டத்தைத் தொடங்குகிறார்கள்.