முடிந்த கதைக்கு முன்னும் பின்னும்: ‘வாட்ச்மென்’ நீட்சிகளை வாசித்தபின்

ஆலன் மூர் எழுதி, டேவ் கிப்பன்ஸ் வரைந்து, ஜான் ஹிக்கின்ஸ் வண்ணமிட்ட ‘வாட்ச்மென்’ என்ற காமிக்ஸ் தொடர் 1986-87இல் 12 இதழ்களாக வெளிவந்து முடிந்தது. முடிந்தது என்பதை அழுத்தியே சொல்கிறேன். எழுத்தாளர்களும் ஓவியர்களும் மாறிக்கொண்டே இருக்க, நாயகர்கள் மட்டும் வயதேறாமல் மாதந்தோறும் வந்துகொண்டிருக்கும் அமெரிக்க சூப்பர்ஹீரோ காமிக்ஸ் உலகில், தன் முதலையும் முடிவையும் தன் அட்டைகளுக்குள்ளேயே வைத்துக்கொண்ட கதை அது. அதை வெளியிட்ட டிசி நிறுவனம், 2012இல் ‘பிஃபோர் வாட்ச்மென்’ என்ற பொதுப்பெயரில் 37 இதழ்கள் கொண்ட முன்கதைகளைக் கொண்டுவந்து, அடுத்த ஆண்டு அவற்றை நான்கு கெட்டி அட்டைத் தொகுதிகளாக்கியது. 2017இல் ‘டூம்ஸ்டே கிளாக்’ என்ற பின்கதையும் தொடங்கியது. மூல நூலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இவை அனைத்தையும் வரிசையாக வாசித்தேன். கதை முடிச்சுகளைத் தொடாமல் இவற்றைப் பற்றிப் பேச இயலாது என்பதால், மூலத்தை இன்னும் வாசிக்காதவர்கள் இந்த மதிப்புரையைப் பிறகு படிப்பதே நல்லது.

முன்கதைகளின் அறிவிப்பு வந்தபோது எழுந்த கோபம் கதையைப் பற்றியது மட்டுமன்று. படைப்பாளிகளுடன் செய்துகொண்ட ஒப்பந்தத்தின்படி, நூல் அச்சில் இல்லாமல் போய்க் குறிப்பிட்ட காலம் கடந்தால் உரிமை அவர்களிடம் திரும்பியிருக்கும். காமிக்ஸ் தொகுப்புகள் நீண்ட நாள் அச்சில் நிலைக்காத அந்தக் காலத்தில் இது தாராளமான ஏற்பாடாகவே தோன்றியிருக்கும். ஆனால் ‘வாட்ச்மென்’ அச்சை விட்டு நீங்கவே இல்லை. நூலின் வெற்றியே அதன் ஆசிரியர்களுக்குப் பூட்டாக அமைந்தது. கதையில் வரும், ரத்தத்துளி படிந்த மஞ்சள் சிரிப்பு முகப் பேட்ஜ்களை டிசி விற்றபோது, அவை விளம்பரப் பொருள் என்று சொல்லி உரிமைத்தொகை மறுக்கப்பட்டதும் மூரின் மனக்கசப்புக்கு ஒரு காரணம். முன்கதைகளை அவர் கடுமையாகக் கண்டித்தார். கிப்பன்ஸோ, தாங்கள் சொல்ல விரும்பிய முழுக்கதை மூலத் தொடரிலேயே இருக்கிறது என்று நிதானமாகக் கூறி, புதியவர்களை வாழ்த்தி ஒதுங்கிக்கொண்டார்.

ரசிகர்களில் ஒரு பகுதியினர் இந்தத் தொகுதிகளைத் தொடவே மாட்டோம் என்றனர். மறுதரப்பு முன்வைத்த வாதங்களும் எளிதில் தள்ளத்தக்கவை அல்ல. சார்ல்டன் என்ற காமிக்ஸ் நிறுவனத்திடமிருந்து டிசி விலைக்கு வாங்கிய நாயகர்களை மனத்தில் வைத்தே மூர் இக்கதையைத் திட்டமிட்டார். ‘வாட்ச்மென்’ பாத்திரமான ரோர்ஷாக்கின் பின்னால் சார்ல்டனின் ‘கொஸ்டியன்’ நிற்கிறார், இன்னொரு பாத்திரமான டாக்டர் மன்ஹாட்டனின் பின்னால் ‘கேப்டன் ஆட்டம்’ நிற்கிறார். பிறர் நாவல்களின் பாத்திரங்களைக் கூட்டி வேறொரு தொடரையே பின்னாளில் எழுதியவர் அவர். போதாததற்கு, தொடர் வரவேற்பைப் பெற்றால் கதைக்குள் வரும் 1940களின் ‘மினிட்மென்’ என்ற முகமூடி நாயகர் குழுவைப் பற்றி ஒரு முன்கதை செய்யலாம் என்று 1985இல் அவரே சொல்லியிருக்கிறார்.

இவை அனைத்தும் உண்மை. ஆயினும் இந்த வழக்கில் இரு தரப்பும் உரிமை யாருக்கு என்பதையே பேசிக்கொண்டிருந்தன. எழுதப்பட்டது எப்படியிருக்கிறது என்ற கேள்வி பின்வாசலில் காத்திருந்தது. சார்ல்டன் நாயகர்களை வேறு கதைகளில் பயன்படுத்த டிசி விரும்பியதால்தான், அவர்களை விட்டுவிட்டுப் புதியவர்களைப் படைக்குமாறு நிறுவனத்தின் பதிப்பாசிரியர் டிக் ஜியோர்டானோ மூரிடம் சொன்னார். தன் பழைய சொத்துக்கு நிறுவனம் அன்று காட்டிய அந்த அக்கறை, அதனால் பிறந்த இந்தப் புதிய பாத்திரங்களுக்குப் பிற்பாடு கிட்டவில்லை.

நான்கு தொகுதிகளில் என் அலமாரியில் நிலைத்தது முதலாவதுதான். டார்வின் குக் எழுதி வரைந்த ‘மினிட்மென்’ அதில் இருக்கிறது. மூல நூலின் முதல் மூன்று இதழ்களின் பின்பக்கங்களில், ‘நைட் அவுல்’ என்ற முகமூடிப் பெயரை முதலில் தரித்த ஹாலிஸ் மேசனின் சுயசரிதைப் பகுதிகள் அச்சாகியிருக்கும். அன்பும் வெகுளித்தனமும் கலந்த அந்த நடையை நாம் நம்பிவிடுகிறோம். குக் அந்த நம்பிக்கையைத்தான் கையில் எடுக்கிறார். ஹாலிஸ் தன் நூலை எழுதி முடிக்கும் காலத்தில் கதையை நிறுத்தி, அவர் எதை எழுதாமல் விட்டார், ஏன் விட்டார் என்று கேட்கிறார். மினிட்மென் குழுவிலிருந்து காணாமற்போன ஹூடட் ஜஸ்டிஸுக்கு நேர்ந்தது என்ன என்ற புதிருக்கு இங்கே விடை கிடைக்கிறது. அந்த விடை ஹாலிஸின் கைகளிலேயே கறையாகப் படிகிறது. இதை வாசித்துவிட்டுப் பழைய பின்பக்கங்களுக்குத் திரும்பினால், அதே வரிகள் வேறொரு குரலில் ஒலிக்கின்றன. அதே குழுவின் சில்லூவெட் என்ற பெண்ணை மையமாக வைத்து நகரும் பகுதிகளின் துயரத்தையும், பழைய செய்திப்படத்தின் மெருகோடு குக் தீட்டிய உருவங்களையும் இந்த முயற்சியை வெறுத்தவர்களில் சிலரே பாராட்டியிருக்கிறார்கள். அது நியாயமான பாராட்டு. அதே தொகுதியில் உள்ள ‘சில்க் ஸ்பெக்டர்’, 1960களின் சான் பிரான்சிஸ்கோவில் ஓர் இளம்பெண் வீட்டை விட்டு வெளியேறும் கதை. அமண்டா கானரின் முகபாவங்களுக்காக வாசிக்கலாம், கதை மெல்லியது.

அடுத்த தொகுதியில் வரும் ‘காமெடியன்’தான் ரசிகர்களின் சினத்தை மிகுதியாகச் சம்பாதித்தது. மூல நூலில், கென்னடி கொலைச் செய்தி வந்தபோது தான் எங்கிருந்தேன் என்று மட்டும் கேட்காதீர்கள் என்று காமெடியன் என்ற முகமூடி நாயகன் ஒரு விருந்தில் கிண்டலாகச் சொல்கிறான். அவ்வளவுதான். அந்த ஒரு வரியின் குளிர்ச்சியை வைத்தே வாசகன் ஒரு கொலைகாரனைக் கற்பனை செய்துகொள்கிறான். பிரையன் அஸரெல்லோவோ அவனைக் கென்னடி குடும்பத்தின் நண்பனாக்கி, கொலை நடந்த நாளில் மோலாக் என்ற வில்லனின் இருப்பிடத்தில் தொலைக்காட்சிச் செய்தியின் முன் நிறுத்துகிறார். மூலம் எதையும் உறுதியாகச் சொல்லவில்லையே, இதில் முரண்பாடு எங்கே என்று ஆதரவாளர்கள் கேட்டனர். உறுதியாகச் சொல்லாததில்தான் அந்த வரியின் வலுவே இருந்தது என்பது என் எண்ணம். குறிப்பால் உணர்த்தியதை வெளிச்சத்துக்கு இழுத்து வந்து மறுப்பதனால், காமெடியன் நல்லவனாகவும் ஆகவில்லை, ஆழமானவனாகவும் ஆகவில்லை, சலிப்பூட்டுபவனாக ஆகிவிட்டான். அதே எழுத்தாளரின் ‘ரோர்ஷாக்’, லீ பெர்மெஹோவின் அழுக்கும் மழையும் படிந்த 1977 நியூயார்க் சித்திரங்களால் மட்டும் தப்பிக்கிறது.

மற்றவற்றைச் சுருக்கமாகவே சொல்ல வேண்டும். மூலத் தொடரின் பதிப்பாசிரியராக இருந்த லென் வெய்ன், மூலக் கதையில் சதியைத் தீட்டும் ஓஸிமாண்டியாஸின் முன்கதையான ‘ஓஸிமாண்டியாஸ்’ எழுதினார். மூர் 11ஆம் இதழில் சில பக்கங்களில் முடித்த வாழ்க்கை வரலாற்றை அவர் ஆறு இதழ்களுக்கு நீட்டினார். ஜே லீயின் அலங்காரமான கட்டங்கள் இல்லையேல் அதை முடித்திருக்க மாட்டேன். ஸ்ட்ராசின்ஸ்கியின் ‘டாக்டர் மன்ஹாட்டன்’, நடக்காமற்போன வாழ்க்கைகளைக் கிளைகிளையாக விரித்து, ஆடம் ஹியூஸின் அழகான பக்கங்களில் பிரிந்தும் கலந்தும் ஓடி, இறுதியில் எங்கும் சேர்வதில்லை. ‘நைட் அவுல்’ தொடரில் மகன் ஆண்டி கூபர்ட்டின் பென்சில் ஓவியங்களுக்கு மை தீட்டிய முதுபெரும் ஓவியர் ஜோ கூபர்ட், தொடர் வந்துகொண்டிருந்த 2012 ஆகஸ்டில் காலமானார். கதை மறந்துபோனாலும் அவர் கோடுகளின் தடிப்பு கண்ணில் நிற்கிறது.

இவற்றிலெல்லாம் தேறாத ஒன்று உண்டு: கட்டங்களின் ஒழுங்கு. கிப்பன்ஸ் பக்கத்துக்கு ஒன்பது கட்டங்கள் என்ற சட்டத்தை வைத்து, ஒரு கட்டத்தின் பொருளை இன்னொரு கட்டத்தின் மேல் எதிரொலிக்கச் செய்தார். ஐந்தாம் இதழ் முழுவதுமே முன்பாதியும் பின்பாதியும் கண்ணாடிப் பிம்பங்களாக அமைந்தது. பின்வந்தவர்களில் சிலர் அந்த ஒன்பது கட்டங்களை வாங்கிக்கொண்டார்கள். எதிரொலி வரவில்லை.

ஜெஃப் ஜான்ஸும் கேரி ஃபிராங்க்கும் செய்த ‘டூம்ஸ்டே கிளாக்’ வேறு வகை. ‘வாட்ச்மென்’ பாத்திரங்களை டிசியின் சூப்பர்மேன், பேட்மேன் உலகத்துக்குள் கொண்டுவரும் கதை அது. இதற்கான விதை 2016இல் விழுந்தது: பேட்மேனின் குகைச் சுவரில் அந்த ரத்தத்துளிப் பேட்ஜ் கிடைக்கிறது. மூரும் நிறுவனமும் பிணங்கக் காரணமான பொருள்களுள் ஒன்றே இரு உலகங்களையும் கோக்கும் கொக்கியாக வந்ததை நிறுவனத்தில் எவரும் கவனித்தார்களா என்று நான் பலமுறை வியந்திருக்கிறேன். 12 இதழ்கள் வந்து முடிய இரண்டு ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. காத்திருந்தவர்களில் பலர் கதையின் இழையையே விட்டுவிட்டார்கள். தொகுப்பாக வாசிப்பவர்களுக்கு அந்தச் சிரமம் இல்லை. ஃபிராங்க்கின் ஓவியம் தொடக்கம் முதல் கடைசிவரை சோர்வடைவதில்லை. சூப்பர்மேனும் மன்ஹாட்டனும் எதிரெதிரே நிற்கும் பகுதியில் உண்மையான உணர்ச்சியும் இருக்கிறது. ஆனால் அது சூப்பர்மேனைப் பற்றிய உணர்ச்சி. ‘வாட்ச்மென்’ அங்கே விருந்தாளியாக வந்து, வீட்டுக்காரரின் குடும்பப் பிரச்சினையைத் தீர்த்துவைக்கிறது.

மூல நூலின் கடைசிக் கட்டத்தில், பத்திரிகை அலுவலகத்தில் வேலை செய்யும் செய்மூர் என்ற இளைஞனின் கை, வாசகர் கடிதக் குவியலை நோக்கி நீண்டிருக்கும். ரோர்ஷாக்கின் நாட்குறிப்பு அந்தக் குவியலில்தான் கிடக்கிறது. அவன் அதை எடுப்பானா என்பது நம்மிடம் விடப்படுகிறது. ‘டூம்ஸ்டே கிளாக்’ 1992இல் தொடங்கும்போது நாட்குறிப்பு அச்சாகி, ஓஸிமாண்டியாஸின் சதி வெளியாகி, ஊரே அவனைத் தேடிக்கொண்டிருக்கிறது. முப்பது ஆண்டுகளாக அந்தரத்தில் நின்ற செய்மூரின் கையை முதல் இதழின் முதல் சில பக்கங்களே கீழே இறக்கிவிட்டன. அதற்கப்புறமும் பதினோரு இதழ்கள் இருந்தன, வாசித்தேன்.